செனான் விளக்கும் சனிக்கிழமைச் சவாரியும்

சிங்கப்பூர் வரைபடம் ஒன்றை எடுத்து, தேக்காவிலிருந்து வடக்கே மார்சிலிங் வரைக்கும் ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து தென்மேற்கே பூன் லே வரைக்கும் இன்னொரு கோடு. பூன் லேயிலிருந்து கிழக்கே திரும்பி, என் வீடு இருக்கும் சிராங்கூன் வரைக்கும் மூன்றாவது. போட்டுவிட்டு, புறப்பட்ட தேக்காவுக்கும் போய்ச் சேர்ந்த சிராங்கூனுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ரயிலில் ஏறி உட்கார்ந்து, கைப்பையில் வீட்டுச் சாவியைத் தேடி எடுப்பதற்குள் வந்துவிடும். அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் நான் வாராவாரம் சனிக்கிழமை மாலை தீவையே ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருந்தேன், என் சொந்தக் காரில், யாரும் கேட்காமலே.

சனிக்கிழமை பிற்பகலில் தேக்காவில், சிராங்கூன் சாலையில் இருக்கும் ஒரு கோயிலின் சமையற்கட்டில் காய்கறி வெட்டப் போவோம். ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்துக்குக் கூட்டம் நிறைய வரும். அதற்கான காய்களை முதல்நாளே நறுக்கி வைத்துவிட வேண்டும். தொண்டூழியர்கள் என்று பெயர்தானே தவிர, யார் வெங்காயம், யார் பீன்ஸ், யார் முட்டைக்கோஸ் என்று ஒவ்வொரு வாரமும் சண்டை நடக்கும். எனக்கு எப்போதும் பூசணிக்காய். நான் கத்தி பிடிக்கும் விதத்தைப் பார்த்து, இந்த அம்மாவுக்குக் கோபம் கொஞ்சம் அதிகம், பூசணிக்காயிடம் காட்டட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அங்கே பழக்கமானவர்கள்தான் என் இரண்டு பயணிகளும். ஒருவர் மார்சிலிங்கில் மகன் குடும்பத்தோடு இருக்கும் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மகன், மருமகள், மருமகளின் அம்மா, பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆள். இன்னொருவர் பூன் லேயில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறார். மனைவியும் குழந்தையும் ஊரில். அக்கா பின்னிருக்கை, தம்பி முன்னால் என் பக்கத்தில். மூன்று பேர் கையிலும் வெங்காய வாசனை. மருமகள் சேதி, பட்டறைச் சேதி, போன வாரம் சாம்பாரில் உப்பு அள்ளிப் போட்டது யார் என்ற விசாரணை என்று பேசிக்கொண்டே போவோம். முதலில் மார்சிலிங், பிறகு பூன் லே. கடைசியில் நான் மட்டும் வீட்டுக்கு வருவேன்.

கார் என் கணவர் வாங்கியது. அவர் இறந்த மறுவருடம் அதன் சிஓஇ முடிந்தது. பத்தாண்டு ஆனதும் அந்தச் சான்றிதழைப் புதுப்பிக்காவிட்டால் இந்த ஊரில் கார் பழைய இரும்புக்குத்தான் போகும். மெல்பர்னில் இருக்கும் என் மகன், "ஸ்கிராப் பண்ணிடும்மா. எம்ஆர்டி ஸ்டேஷன் வாசல்லயே இருக்கு, உனக்கு எதுக்கு கார்?" என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் புதுப்பித்தேன். காரணம் கேட்டபோது முட்டி வலி என்றேன். உண்மையான காரணம் அந்தச் சனிக்கிழமைச் சவாரி. மற்ற நாட்களில் நான் வாய் திறப்பது கடைக்காரரிடமும், லிஃப்ட்டில் எந்த மாடி என்று கேட்பவரிடமும்தான். கூட வேலை பார்த்த தோழிகள் ஓய்வு பெற்றபின் ஒவ்வொருவராக வாட்ஸ்ஆப்பில் காலை வணக்கப் பூக்களாக மாறிவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் என் காரில் ஏறாமல் போய்விட்டால் எனக்கு வாரம் முழுக்கப் பேச்சுத்துணை கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சுற்றினேன்.

கோளாறு ஒரு மழை மாலையில் ஆரம்பித்தது. மண்டாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் காடு. தம்பி திடீரென்று, "அக்கா, முன்னாடி லாரி," என்றார். "தெரியுது தம்பி," என்று சொல்லிவிட்டு பிரேக்கை அழுத்தினேன். கொஞ்சம் பலமாகவே அழுத்தினேன்.

சற்று நேரம் கழித்துப் பின்னாலிருந்து அக்கா கேட்டார். "லைட்டு கொஞ்சம் டிம்மா இருக்கோ?"

"ஆமாக்கா. பழைய வண்டில்ல, பல்பு வீக்காயிருக்கும்," என்றார் தம்பி.

எனக்கும் அப்படித்தான் பட்டது. கொஞ்ச நாளாகவே சாலைக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம் பஞ்சு மாதிரி பரவி நின்றது. வைப்பர் தேய்ந்துவிட்டது என்று மாற்றியிருந்தேன். கண்ணாடியை வினிகர் போட்டுத் துடைத்திருந்தேன். இப்போது இரண்டு பேர் சாட்சி சொல்லிவிட்டார்கள், விளக்குதான் மங்கல் என்று.

முப்பது வருடம் மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் உட்கார்ந்திருந்தவளிடம் போய் 'டிம்' என்று சொன்னால் என்ன செய்வாள்? மீட்டரை எடுப்பாள். மறுநாள் காலையே எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார்பார்க்கில் பானட்டைத் திறந்துவிட்டேன். ஹாலஜன் பல்பு அரை வயிற்றோடு வேலை செய்யாது. மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையக் குறைந்துவிடும். பேட்டரியில் ஓர் அளவு, பல்பின் சாக்கெட்டில் ஓர் அளவு எடுத்தேன். வழியில் ஏறக்குறைய ஒரு வோல்ட் காணாமல் போயிருந்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் எனக்கு. எர்த் கம்பி காரின் உடலோடு சேரும் இடத்தில் துரு. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். சாக்கெட் ஒன்று வெந்து பழுப்பாகியிருந்தது, மாற்றினேன். மஞ்சளடித்துப்போன விளக்குக் கண்ணாடியையும் பாலிஷ் போட்டேன். மீட்டரைப் பொறுத்தவரை விளக்குக்கு உடம்பு தேறிவிட்டது. சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தால் சாலை அதே மங்கலில் இருந்தது.

"கொஞ்சம் பெட்டரா இருக்குல்ல?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்," என்றார் அக்கா. அந்தக் 'கொஞ்சம்' எனக்குப் பிடிக்கவில்லை.

அதிகச் சக்தியுள்ள பல்பு வாங்கிப் போட்டேன். அது அதிகமாகக் கரண்ட் இழுத்து, புதிதாகப் போட்ட சாக்கெட்டையே இளக்கிவிட்டது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்ததும் கழற்றிவிட்டேன். இப்படியே வாரங்கள் போயின. ஒவ்வொரு சனிக்கிழமையும் தம்பி பேச்சைக் குறைத்துக்கொண்டு அறிவிப்புகளைக் கூட்டிக்கொண்டே போனார். "அக்கா, சிக்னல் சிவப்பு." "அக்கா, இடது பக்கம் பைக்." கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர், பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டேன். பின்னிருக்கையில் அக்கா மருமகள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு முணுமுணுவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார்.

பிறகு ஒரு சனிக்கிழமை தம்பி, "இன்னிக்கு ஓ.டி. இருக்குக்கா, பட்டறைக்குப் போகணும்," என்றார். ஓவர்டைமுக்குப் போகிறவர் புதுச்சட்டை போட்டிருந்தார். அடுத்த வாரம் அக்கா, "பேரன் இங்கதான் ட்யூஷன் வந்திருக்கான், அவனோட போயிடுறேன்லா," என்றார். அதற்கடுத்த வாரம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்துவிட்டது.

அன்று நான் தேக்காவிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தேன். அந்தச் சாலையில் அப்படி நேராக வந்து வெகுநாள் ஆகியிருந்தது. வெளிச்சம் போவதற்குள் வந்துவிட்டேன். கார்பார்க்கின் நான்காவது மாடியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். வானொலியில் தமிழ்ச் செய்தி ஓடியது. செய்தி முடிந்து, பாட்டு முடிந்து, விளம்பரமும் முடிந்தது. மேலே போனால் சோற்றை மைக்ரோவேவில் வைக்க வேண்டும், அது 'டிங்' என்று சொல்லும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு சத்தம் கிடையாது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பிறகு கோபம் வந்தது, எல்லாம் இந்தப் பாழாய்ப்போன விளக்கால்தான் என்று.

அன்றுதான் செனானுக்கு மாறுவது என்று முடிவெடுத்தேன்.

மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். ஹாலஜனில் சூடாகிற கம்பி எரிகிறது, செனானில் கம்பியே கிடையாது, வாயுவுக்குள் மின்பொறி நின்று எரியும், வெளிச்சம் பகல் மாதிரி இருக்கும் என்று விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, சிங்கப்பூர்ல எங்கம்மா இருட்டு?" என்றான். "பத்தடிக்கு ஒரு போஸ்ட் எரியுது. லைட்டே போடாம ஓட்டினாக்கூட ரோடு தெரியும்." நான், "நீ இங்க வந்து ஓட்டிப் பாரு, அப்புறம் பேசு," என்று வைத்துவிட்டேன். அவன் கேட்டது நல்ல கேள்வி. அதை நான் யோசித்திருந்தால் அன்றே விஷயம் முடிந்திருக்கும்.

ஊபி தொழிற்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் கார்ப் பட்டறைச் சீனர் கையை விரித்துவிட்டார். "ஆன்ட்டி, திஸ் ஒன் கேனாட் லா. இன்ஸ்பெக்ஷன் ஷுவர் ஃபெயில்," என்றார். ஹாலஜனுக்காகச் செய்த கூட்டுக்குள் செனானைச் செருகினால் வெளிச்சம் தறிகெட்டுச் சிதறும், எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும். தயாரிக்கும்போதே செனானோடு வருகிற கார்களில் அதற்கென்று தனி லென்ஸ், விளக்கைத் தானாகத் தாழ்த்தும் ஏற்பாடு எல்லாம் இருக்கும். அவர் சொன்னது எதுவும் எனக்குத் தெரியாததில்லை. ஆண்டுப் பரிசோதனைக்கு முந்தின நாள் பழைய பல்பை மாட்டிவிட்டால் போயிற்று என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினேன். அன்று மாலையே இணையத்தில் ஒரு செட் வாங்கினேன்.

பெட்டி வந்ததும் கார்பார்க்கில் கடை விரித்தேன். டியூப் லைட்டுக்குச் சோக் இருப்பதுபோல செனானுக்கும் ஒரு பெட்டி உண்டு, விளக்குக்கு ஒன்றாக. பற்றவைக்கும் நொடியில் அது ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தள்ளும். அந்த நேரத்தில் பேட்டரியிலிருந்து அது இழுக்கும் கரண்ட்டை, காரின் பழைய ஸ்விட்ச்சும் மெல்லிய கம்பியும் தாங்காது. ஆகவே பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கம்பி இழுத்து, நடுவில் ஃபியூஸ் வைத்து, பழைய கம்பியை ரிலே என்னும் துணை ஸ்விட்ச்சைத் தட்டி எழுப்ப மட்டும் விட்டேன். மழைத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்துப் பெட்டிகளைத் திருகி முடுக்கினேன். பல்பின் கண்ணாடியில் விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி அந்த இடம் வெந்துவிடும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டேன். காரை எடுக்க வந்தவர்கள் எல்லோரும், அறுபது வயது இந்தியப் பொம்பளை பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு என்ன செய்கிறாள் என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

ஸ்விட்ச்சைப் போட்டேன். ஒரு விளக்கு சட்டென்று வந்தது, மற்றது இரண்டு தரம் துடித்துவிட்டு வந்தது. முதலில் நீலமாக, பிறகு வெள்ளையாக. எதிர்ச்சுவர் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆனது. ஒரே ஒரு குறை, விளக்கு எரியும்போது வானொலியில் 'கொர்' என்று இரைச்சல் வந்தது. அந்தப் பெட்டிகளின் வேலை அது. சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சுவரைப் படமெடுத்து எங்கள் மூவர் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு, 'இனிமேல் டிம் என்ற பேச்சே வராது, சனிக்கிழமை வாங்க' என்று எழுதினேன். அக்கா கட்டைவிரலை உயர்த்தினார். தம்பி கும்பிடு போட்டார்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். ஏறுமுன் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இருட்டிக்கொண்டு மழையும் பிடித்தது. விரைவுச்சாலையில் எதிரே வருகிறவர்கள் ஒவ்வொருவராக விளக்கை மின்னி என்னைத் திட்டினார்கள். "பொறாமை," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வானொலி இரைந்ததால் அணைத்துவிட்டேன். அணைத்த பிறகுதான் காருக்குள் எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. பின்னால் அக்கா முணுமுணுப்பது இப்போது தெளிவாகக் கேட்டது. சஷ்டி, கிருத்திகை என்று கணக்கில்லாமல் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தம்பியின் ஷூ தரைவிரிப்பில் அழுந்தும் ஓசை வந்தது. அவர் பக்கம் பிரேக் இல்லை. இல்லாத பிரேக்கை அவர் மிதித்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சாலை தெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பெயர்ப்பலகைகள் தகதகவென்று எரிந்தன. ஆனால் மழைக்கோடு ஒவ்வொன்றும் வெள்ளையாகத் திருப்பி அடித்தது. முன்னால் போகும் வண்டிகளின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றும் ஒரு வளையமாகப் பெருத்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன. மார்சிலிங்குக்குத் திரும்பும் கிளைச்சாலையில் இடது பக்கம் ஒதுங்கினேன்.

தம்பியின் கை ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தது. நான் பிரேக்கை மிதித்தேன். மழைக்கோட்டு போட்ட ஒரு மோட்டார்சைக்கிள்காரர் எங்கள் கதவை ஒட்டிக்கொண்டு முன்னால் போனார். வேலை முடிந்து எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்கு வீடு திரும்பும் ஆயிரம் பேரில் ஒருவராக இருப்பார். அவருக்கு நடந்ததே தெரியாது. அதே வேகத்தில் போய்விட்டார்.

அக்காவின் புளோக்குக் கீழே கார்பார்க்கில் கொண்டுபோய் நிறுத்தினேன். நிறுத்தியதும் நான்தான் ஆரம்பித்தேன். "டெயில் லைட் போடாம ஓட்டுறானுங்க, பாரு."

"போட்டிருந்தாருக்கா," என்றார் தம்பி.

"எனக்குத் தெரியலையே."

தம்பி கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி பேசினார். "இந்த லைட்டு நல்லாத்தான் இருக்குக்கா. பழைய லைட்டும் நல்லாத்தான் இருந்துச்சு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் உச்சி வரைக்கும் சூடேறியது. "அப்ப ஏன் டிம்மு டிம்முன்னு சொன்னீங்க ரெண்டு பேரும்?"

"வண்டியச் சொன்னா நீங்க கோவிச்சுக்க மாட்டீங்க. உங்கள எப்படிக்கா சொல்றது?"

நாம் அப்படித்தான். இட்லி கல்லாகிவிட்டால் அரிசியைச் சொல்வோம், அரைத்தவளைச் சொல்ல மாட்டோம். பையன் தேர்வில் தோற்றால் கேள்வித்தாள் கஷ்டம். ஆளைப் பார்த்துச் சொல்ல மனம் வராது, பக்கத்தில் இருக்கும் பொருளைச் சொல்லிவைப்போம், கேட்கிறவர் தாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். நானும் இதே பாஷையில்தான் வாழ்நாள் முழுக்கப் பேசியிருக்கிறேன். என் விஷயத்தில் மட்டும் அது எனக்கு எட்டவில்லை. தொழிற்சாலையில் பழகிய புத்தி, பொருளைச் சொன்னதும் பொருளைச் சோதித்தது. எர்த் கம்பியைத் தேய்த்தேன், ரிலே போட்டேன், ஃபியூஸ் போட்டேன். அந்தச் சுற்றில் சோதிக்காமல் விட்ட ஒரே பாகம் என் கண்.

அன்று காரை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் போனேன். தம்பி மார்சிலிங் நிலையம் வரை கூட வந்தார். அவருக்கு ஒரு பக்கம், எனக்கு மறுபக்கம். "கோவமாக்கா?" என்று கேட்டார். "ஆமா," என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை.

கண் மருத்துவர் என் விழிக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரவில் வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். எவ்வளவு நாளாக என்றார். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்தேன் என்றேன். இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சை செய்தால் சரியாகிவிடும், ஆனால் முறை வரக் காத்திருக்க வேண்டும், அதுவரை இருட்டியபின் ஓட்டக் கூடாது என்றார். எதிரே வரும் வெளிச்சம்தான் இப்படிப்பட்ட கண்ணுக்கு எமன் என்றும் சொன்னார். இப்படிப்பட்ட வெளிச்சத்தைத்தான் நான் மற்றவர்கள் கண்ணுக்குள் அடித்துக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஒரு பகல் வேளையில் மார்சிலிங் போய்க் காரை எடுத்து வந்தேன். செனானைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். போடுவதைவிடக் கழற்றுவது சுலபமாக இருந்தது. பழைய ஹாலஜனை மாட்டி ஸ்விட்ச்சைப் போட்டால், சுவரில் மஞ்சளாக, அளவாக, ஒழுங்காக விழுந்தது வெளிச்சம். அதில் ஒரு குறையும் இல்லை.

அந்த வாரம் கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். ரயிலில் போனால் எங்கள் மூவருக்கும் மூன்று வழி. தேக்காவில் இருக்கும் லிட்டில் இந்தியா நிலையத்தில் தம்பிக்கு ஊதா ரயில் ஒரு திசை, எனக்கு அதே ஊதா ரயில் எதிர்த்திசை, அக்காவுக்கு நீல ரயிலில் நியூட்டன் போய் அங்கிருந்து சிவப்பு ரயில். கட்டணக் கதவைத் தாண்டியதும் பேச்சு முடிந்துவிடும். கண் சரியானாலும் இவர்கள் மறுபடி என் காரில் ஏறுவார்களா என்று தெரியவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் ஏற மாட்டேன்.

ஆனாலும் போனேன். பூசணிக்காய் வெட்டினேன். வேலை முடிந்து மூவரும் நிலையத்துக்கு நடந்தோம். சனிக்கிழமைக் கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு நடந்ததில் பேசவும் முடியவில்லை. நகரும் படியில் இறங்கியதும் தம்பியின் ரயில் தயாராக நின்றது. "வர்றேன்க்கா, அடுத்த வாரம் பார்க்கலாம்," என்று ஓடி ஏறிக்கொண்டார். நான் என் பக்கத்து வரிசையில் போய் நின்றேன். அக்காவும் வந்து பக்கத்தில் நின்றார்.

"நீங்க நீல லைனுக்குலா போகணும்?" என்றேன்.

"இதுலயும் போகலாம். சிராங்கூன்ல மாறி, பீஷான்ல மாறி."

"அது சுத்துக்கா. ரெண்டு தடவை மாறணும்."

"தெரியும்," என்றார்.

ரயில் வந்தது. உட்கார இடம் கிடைத்தது. எனக்கு நிலைகொள்ளவில்லை, கேட்டுவிட்டேன். "என்கூட வண்டியில வந்தப்ப ரொம்பப் பயந்தீங்களா?"

"ரொம்ப. ஏறினதுலேருந்து இறங்குறவரைக்கும் முருகா முருகான்னுதான். உன் கண்ணுல ஏதோ கோளாறுன்னு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சும் ஏன் ஏறினீங்க? ஸ்டேஷன் கோயில் பக்கத்துலயே இருக்கே."

அக்கா கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். "நீ வண்டிய எடுத்துக்கிட்டு வந்து கோயில் வாசல்ல நிப்பே. எங்க ரெண்டு பேரையும் பார்த்ததும் உன் மூஞ்சி மாறும் பாரு. அதைப் பார்த்துட்டு ரயில்ல போறோம்னு எப்படி சொல்றது? இந்த ஒரு வாரம் ஏறிடுவோம்டா தம்பி, அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு நான் சொல்லுவேன். அடுத்த வாரம் அவன் அதையே என்கிட்ட சொல்லுவான்."

நான் இவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்குத் துணைக்கு வந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

"பாவம் பார்த்தீங்களாக்கா?" என்றேன்.

"பாவமும்தான்," என்றார்.

அதற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு நாளில் என்னிடம் யாராவது நேராக ஒன்றைச் சொன்னது அதுதான். ஜன்னலுக்கு வெளியே சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது.

சிராங்கூன் வந்தது. அக்கா மாற வேண்டிய ரயிலுக்கு ஒரு பக்கம் அம்புக்குறி, என் வீட்டு வாசலுக்கு மறுபக்கம். நான் அவரோடு திரும்பி நடந்தேன்.

"நான் பீஷான் வரைக்கும் வர்றேன்," என்றேன்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.